கெரேமோஸ்

எழுபதுகளில் பட்டு நெசவு பழக ஸ்பெயினிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தார்கள். என் அக்கா வீட்டுத் தறிதான் அவர்களுக்குப் பிடித்தது. பி.ஏ. முடித்துவிட்டு அங்கே சும்மா உட்கார்ந்திருந்த நான், அந்த அம்மாவிடம் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளன் ஆகிவிட்டேன்.

விரும்புவதற்கு அவர்கள் சொல் 'கெரேர்'. நான் விரும்பினால் கியேரோ, நீ விரும்பினால் கியேரெஸ். 'கெ' என்பது 'கியே' ஆகிவிடும். 'நாம்' வந்தால் மாறாது, கெரேமோஸ். அந்த மாறாத சொல்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஒருநாள் அந்த ஸ்பெயின்காரர், தங்கள் ஊரில் பட்டுக்கடை திறக்க 'கெரேமோஸ்' என்றார்.

"மாமா, நாம கடை தொறக்கணும்னு ஆசைப்படறாருபா!" என்று அக்கா புருஷனிடம் கத்தினேன்.

மாமா வந்த ஆர்டரையெல்லாம் திருப்பி அனுப்பினார். தொழிலில் ஒன்றையும் ஒளிக்காமல் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அவர்கள் கிளம்பும் நாளில், நாங்கள் எப்போது வரவேண்டும் என்று கேட்டேன். அவர் விழித்தார். தன்னையும் மனைவியையும் மட்டும் தொட்டுக்காட்டி, "கெரேமோஸ்" என்றார்.

அவர் ஏமாற்றவில்லை. நாம், நாங்கள் இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். இதில் எது என்று கேட்க இந்த பி.ஏ. மேதாவிக்குத் தோன்றவில்லை.

மாமா திட்டவில்லை. தினமும் "வாப்பா, நாம சாப்பிடலாம்" என்று கூப்பிடுகிறவர், அன்றைக்குக் கை கழுவிக்கொண்டே, "நாங்க சாப்ட்டோம், நீ சாப்புடு" என்றார்.

சாகிறவரைக்கும் என்னிடம் அவர் 'நாங்க'தான்.