கொட்டாஞ்சேனைக்கு வந்த வெள்ளவத்தைப் பிள்ளை

ஓய்வு பெறும்வரை கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன லாப்பில் இரத்தம் எடுப்பதுதான் என் வேலை. வெளியே சொல்லக் கூச்சப்படும் டெஸ்ட் என்றால் வெள்ளவத்தை ஆட்கள் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வருவார்கள். கொட்டாஞ்சேனை ஆட்கள் வெள்ளவத்தைக்குப் போவார்கள். நான் குடியிருப்பது வெள்ளவத்தையில் என்பது, பாவம், வருகிறவர்களுக்குத் தெரியாது.

அன்று காலை கதவைத் திறந்துகொண்டு வந்தவள் எங்கள் லேனில் எதிர்வீட்டுப் பிள்ளை. என்னைக் கண்டதும் அப்படியே திரும்பிப் போகப் பார்த்தாள்.

"நில்லும் பிள்ளை. வெள்ளவத்தையிலதான் நான் அன்ரி. இஞ்ச ஊசி குத்துற ஆள் மட்டும். வாரும்."

வந்து இருந்தாள். "ஹெர்பிஸுக்குப் பாக்கவேணும், அன்ரி." முகம் வெளிறி, கை குளிர்ந்து கிடந்தது.

"காலமை சாப்பிட்டனீரோ?"

"இல்லை. ரத்தம் எடுக்கிறதெண்டால் வெறுவயித்தோடதானே வரவேணும்?"

எங்கள் சனத்துக்கு இரத்தம் எடுப்பது என்றாலே நீரிழிவுதான். எந்த டெஸ்டுக்கும் பட்டினி கிடந்து வந்து மயங்கி விழுவார்கள். இதற்கு அது தேவையே இல்லை. பக்கத்துக் கடையில் தேத்தண்ணியும் பணிஸும் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடச் சாப்பிட அழுகையும் வந்தது, கதையும் வந்தது.

அவளுக்கு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்துவிட்டது. தாலி கட்டுவது ஆவணியில். மாப்பிள்ளை கனடா. எழுத்துக்கு வந்து சில நாள் அவளோடு நின்றுவிட்டுப் போனவனுக்கு அங்கே கொப்புளம் போட்டிருக்கிறது. உறவில் தொற்றும் ஹெர்பிஸ் என்று தெரிந்த அன்றே அவளுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டான். பழைய சிநேகிதம் ஒன்றில் தொற்றியிருக்கலாம், இவ்வளவு காலமும் அவனுக்கே தெரியாதாம்.

"போனில அவர் அழுறார், அன்ரி. அழவேண்டியது நானெல்லோ? கலியாணத்தை நிப்பாட்டட்டோ?"

கலியாணத்தை நிப்பாட்டுவதா என்று சோதித்துச் சொல்ல எங்களிடம் மெஷின் இல்லை. மாடியில் இருந்த டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

கொப்புளம் இருந்தால் அதில் தொட்டு எடுத்துப் பார்க்கலாம், அவளுக்கோ கொப்புளம் ஒன்றும் இல்லை. இரத்தத்தில் இப்போது இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது, மூன்று மாதம் பொறுக்கவேண்டும் என்றார் டொக்டர். "இது ஆளைக் கொல்லுற வருத்தம் இல்லை, பிள்ளை. கனபேருக்கு இருக்கு, அவைக்கே தெரியாது. மருந்தும் இருக்கு. இடையில கொப்புளம் ஏதும் வந்தால் உடன வாங்கோ."

இறங்கி வரும்போது நான் சொன்னேன்: "நிப்பாட்டுறதும் விடுறதும் உம்மட முடிவு. ஆனா அவர் ஒளிச்சிருக்கலாம், ஒளிக்கேல்லை. அதையும் யோசியும்."

அந்த மூன்று மாதமும் லேனில் அவள் எதிரே வந்தால் நான் குடையைச் சரித்துக்கொண்டு போய்விடுவேன். என் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அந்தப் பயம்தான் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். ஒருநாள் அவளே வந்து என் குடைக்குள் புகுந்துகொண்டாள். "நாளைக்கு வாறன், அன்ரி."

வந்தவள் போனைப் பஞ்சுப் பெட்டியில் சாய்த்து வைத்தாள். திரையில் மாப்பிள்ளை. ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். "குத்துறது எனக்கு, நோகிறது அவருக்கு," என்று அவள் சிரித்தாள். எனக்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

ரிப்போர்ட் வந்த அன்று டொக்டரின் அறையில் கனநேரம் இருந்தாள். வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "ஆவணியில கட்டாயம் வாங்கோ, அன்ரி."

போனேன். மண்டபத்தில் அவளின் அம்மா கேட்டார்: "இவள் உங்களில நல்ல பாசம். எப்பிடி இவ்வளவு பழக்கம்?"

"ஒரே லேன்தானே, அக்கா," என்றேன். மணவறையில் இருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. நரம்பு பிடிக்கக் கெதியில் பழகிவிடுவீர்கள், வாயைக் காக்கப் பழகத்தான் காலம் செல்லும். இதைக்கூட அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

"ரிசல்ட்டை மட்டும் எழுதாதேங்கோ, அன்ரி. நாங்கள் ரெண்டுபேரும் சந்தோசமா இருக்கிறம் எண்டு எழுதுங்கோ," என்றாள்.

எழுதிவிட்டேன்.