கேள்வி தப்புங்க டாக்டர்

மனநல கிளினிக்கில் நோயாளியின் குடும்ப வரலாற்றை முழுமையாகக் கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. அரசாங்க உத்தியோகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான்.

என் தங்கைக்குக் காதில் குரல்கள் கேட்கும் நோய். மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஆனால் உக்குவளையில் உள்ள எங்கள் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் சாப்பாட்டையும் பேச்சையும் விட்டுவிட்டாள்.

"மருந்து மயக்கம்தாங்க," என்றார் கிளினிக் டாக்டர். "குடும்பத்துல யாருக்காச்சும் பைத்தியம் இருந்திச்சா?"

"கேள்வி தப்புங்க டாக்டர். மனச்சோர்வு இருந்திச்சான்னு கேளுங்க. எங்கப்பா இப்படித்தான் மாசக்கணக்கா படுத்திருப்பாரு. ஊரு சோம்பேறின்னிச்சு. எனக்கும் வந்து மருந்து குடிச்சிருக்கேன்."

பின்னால் வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், "மெதுவாங்க, பேத்திக்கு மாப்பிள்ளை பாக்குறீங்கல்ல," என்று முணுமுணுத்தார்.

"வர்றவன் கேட்டுட்டே வரட்டும்," என்றேன், இன்னும் சத்தமாக. நாங்கள் காப்பாற்றிய மானம் என் தங்கைக்கு ஒரு வாய் சோறு ஊட்டியதில்லை.

குரல் கேட்பவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்து வரலாம், குடும்பத்தில் இருந்தால் வாய்ப்புக் கூடும் என்று டாக்டர் ஒப்புக்கொண்டு, அதற்கும் மருந்து எழுதினார்.

அன்றிலிருந்து தினமும் தேநீர் வேளையில், "பிளேன்டி ஊத்தவா தங்கச்சி?" என்று கேட்டேன். வாரக்கணக்கில் அவள் திரும்பவில்லை. "நீங்க ஊத்துனா சீனியே இருக்காதுண்ணே" என்று பதில் வந்தது, தைப்பொங்கலுக்கு மறுநாள்.