பெண் கேட்க ஆளில்லாதவன்

கம்சிங்குக்கு ஒரு மனைவி இருக்கிறாள் என்று உலகம் முழுக்க ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு பருவம், வாரம் ஒரு பயணம், பயணத்துக்கு எட்டுப் பேர் என்று பெருக்கிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று தெரிந்தவர்கள் படகோட்டியான நானும் என் வீட்டுக்காரியும்தான்.

அவன் வழிகாட்டி. முதல் நாள் எங்கள் ஊரான லுவாங் பிரபாங்கில் கோயில்களைச் சுற்றிக் காட்டுவான். மறுநாள் புதன்கிழமை, விடியலில் பிக்குகளுக்குச் சோறிட்டு முடித்ததும் எட்டுப் பேரையும் என் படகில் ஏற்றுவான். மேகோங் ஆற்றில் எதிரோட்டமாக இரண்டு மணி நேரம் போனால் புத்தர் சிலைக் குகை. அதற்கும் மேலே ஒரு மணி நேரத்தில் ஹாட்லம் என்ற கிராமம். அங்கே மதியச் சாப்பாடு. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். கழுத்தில் வழிகாட்டிகளுக்கான நீல அட்டையைத் தொங்கவிட்டு அவன் நடுவில் நின்று பேசுவான். நான் முன்னால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். இருபது வருடம் இப்படிக் கேட்டால் எருமைக்கும் கொஞ்சம் ஆங்கிலம் வந்துவிடும். எனக்கும் வந்தது.

வெள்ளைக்காரப் பெண்மணிகளுக்கு ஒரு குணம். படகு துறையை விட்டு நகர்ந்ததும் வழிகாட்டியிடம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். நம் ஊர்க்காரர்களும் கேட்பார்கள்தான், ஆனால் பதில் வந்ததும் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவர்களோ இல்லை என்று சொன்னால் இறங்கும்வரை அவனைப் பரிதாபமாகவே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்வை தாங்காமல்தான் ஒருநாள், மனைவி இருக்கிறாள், ஆற்றோரக் கிராமத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்தான். அவர்கள் சும்மா விடுவார்களா? கல்யாணம் எப்படி நடந்தது என்றார்கள். மாப்பிள்ளை ஊர்வலம், வாசலை மறித்துக்கொண்டு பெண்வீட்டார் செய்யும் கேலி, வாழையிலைமேல் நிற்கவைத்துக் காலைக் கழுவுவது, எல்லாவற்றையும் சொன்னான். வாரத்துக்கு வாரம் அந்தக் கல்யாணம் வளர்ந்தது. ஒரு வாரம் மழை பெய்தது, இன்னொரு வாரம் மாமியார் அழுதாள். நான் திரும்பிப் பார்த்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

"ஏன்டா, பந்தியில எனக்கு எடம் போட்டியா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போட்டேண்ணே. நீங்கதான் குடிச்சிட்டுத் தூங்கிட்டீங்க" என்றான்.

அந்த மனைவிக்கு முகம் இருந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஹாட்லமில் எங்களுக்குச் சமைத்துப்போடுகிற மணிவோனின் முகம் அது. அப்பா இல்லை, அம்மா மட்டும். குளிர்காலத்தில் ஆறு தெளிந்ததும் இடுப்பளவு நீரில் இறங்கிப் பாறைகளிலிருந்து பாசி எடுப்பாள். அதை அலசி, பாயில் மெல்லியதாகப் பரப்பி, எள்ளும் பூண்டும் தக்காளியும் மேலே தூவிக் காயவைத்து விற்பாள். கம்சிங் அதை விருந்தாளிகளுக்கு விளக்குவான். பாசியை விளக்கக் கால் மணி நேரம் போதும். அவன் முக்கால் மணி நேரம் விளக்குவான். ஒரு எள் விடாமல் சொல்வான். அவளும் ஒவ்வொரு வாரமும், முதல் தடவை கேட்பதுபோல, கையில் பாயை வைத்துக்கொண்டு நிற்பாள்.

விருந்தாளிகள் போகும்போது, இது உன் மனைவிக்கு என்று ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். சோப்பு, கழுத்துத்துணி, ஒருமுறை சின்னதாக ஒரு கைக்கடிகாரம். அடுத்த புதன் அவன் அதை மணிவோனிடம் கொடுத்து, விருந்தாளிகள் கொடுக்கச் சொன்னார்கள் என்பான். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவள் வாங்கிக்கொள்வாள். நாலாவது வருடம் ஒரு பாட்டியம்மா ஆர்வம் தாங்காமல் நேராக மணிவோனின் கையையே பிடித்துவிட்டாள். கம்சிங்கைக் காட்டினாள், அவளைக் காட்டினாள், மோதிர விரலைத் தொட்டுக் காட்டினாள், இரண்டு கையையும் சேர்த்துவைத்துச் சிரித்தாள். இதற்கு மொழி எதற்கு? மணிவோன் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பாட்டியம்மாவைக் கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று பரிமாறும்போது அவள் கம்சிங்குக்கு மட்டும் இரண்டு தடவை சோறு வைத்ததை நான் பார்த்தேன். கம்சிங் பார்க்கவில்லை, அவன் அந்த நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகென்ன, கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். எங்களில் ஆண் தானாகப் போய்ப் பெண் கேட்பதில்லை. அவனுக்கு மூத்தவர் ஒருவர் வெற்றிலை, பாக்கு, பூ, மெழுகுவர்த்தி வைத்த தட்டோடு போய் அவள் அம்மாவிடம் கேட்க வேண்டும். விருந்தாளிகள் இல்லாமல் தனி ஆளாக அவன் அந்த வாசலில் போய் நின்றாலே, கேட்க வந்திருக்கிறான் என்றுதான் பொருள். அது அந்த வீட்டை மதிக்காத செயல். கம்சிங்குக்கு மூத்தவர் என்று யார் இருக்கிறார்கள்? சம்நூவா மலைப்பக்கம் பிறந்தவன். ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் அப்பனும் ஆத்தாளும் போனார்கள். பத்து வயதில் ஒரு லாரிக்காரர் கொண்டுவந்து கோயிலில் விட்டார். பன்னிரண்டு வருடம் காவி. கோயில் படியில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களிடம் பேசிப் பேசியே ஆங்கிலம் கற்றான். காவியைக் களைகிற அன்று வீட்டார் மாற்றுத்துணி கொண்டுவருவது வழக்கம். இவனுக்குக் கொண்டுவர ஆளில்லை. கோயில் சமையல்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான்.

என் வீட்டுக்காரி படகின் பின்பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னை அரிப்பாள். "ஏன்யா, அந்தப் புள்ளைக்கு நாமதான மனுசங்க? ஒரு தட்டத் தூக்கிட்டு நீ போனா ஆறு வத்திப் போயிருமா?"

"அவன் வாயத் தொறந்து கேக்கட்டும். கேக்காம போயி நிக்க நான் யாரு அவனுக்கு?" என்பேன்.

அப்படித்தான் நினைத்தேன். அவன் நீல அட்டைக்காரன், நான் டீசல் நாற்றக்காரன். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று அவன் சொல்வான், நான் கிளப்புவேன். அப்படிப்பட்டவனுக்கு நான் வலியப் போய் அண்ணன் ஆவதா? எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுவோம், செத்தாலும் கேட்க மாட்டோம். கேட்காதவருக்கு நாமாகச் செய்தால் அவருடைய இல்லாமையைச் சுட்டிக்காட்டியதுபோல ஆகிவிடும் என்று அதற்கும் கூசுவோம். இரண்டு கூச்சமும் சேர்ந்தால் நல்ல காரியம் எதுவும் நடக்காது. இதை ரொம்பப் பெரிய மரியாதை என்று வேறு நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊருக்கு ரயில் வந்தது. விருந்தாளிகளுக்கு மூன்று மணி நேரப் படகு சலித்துப்போய்விட்டதாம். கம்சிங்கின் முதலாளி பயணத்தை மாற்றினார். முதல் நாள் கோயில்கள், மறுநாள் ரயிலேறி வேறு ஊர். ஹாட்லம் இனி இல்லை. பங்குனி மாதக் கடைசியில் கடைசிப் புதன்.

அன்று அவன் பாசியை விளக்கவே இல்லை. விருந்தாளிகள் தாங்களாகவே படம் எடுத்துக்கொண்டார்கள். அவன் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் பாய் விரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் ஏறிய பிறகு மணிவோன் துறைவரை வந்தாள். எவ்வளவு அரிசி ஊறவைப்பது என்று தெரிய வேண்டாமா, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"அடுத்த புதன் எத்தன பேரு?"

கம்சிங் படகில் ஒரு காலை வைத்தபடி திரும்பினான்.

"எட்டு" என்றான்.

அது என் காதில் விழுந்தது. கேட்டுவிட்டு இஞ்சினை முடுக்கினேன். என் வாய்க்கு அன்று என்ன வந்தது என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வழியில் அவனிடம் சண்டைக்குப் போனேன். ஏன்டா அப்படிச் சொன்னாய் என்றேன். அவன் விருந்தாளிகளுக்குக் கேட்காதபடி என் பக்கத்தில் வந்து குந்தினான். "வரமாட்டேன்னு சொன்னா அழுதுருவேண்ணே. அவ முன்னாடி அழ நான் யாரு அவளுக்கு?" என்றான். இப்போதாவது கேட்பான், தட்டைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்பான் என்று துறை வரும்வரை காத்திருந்தேன். இறங்கும்போது என்னைக் கும்பிட்டான், அவ்வளவுதான்.

அதன் பிறகு எனக்கு ஓட்டம் குகைவரைதான். அவன் ரயில் நிலையத்தில் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சந்தையில் பார்த்தால் சிரிப்பான், ஆள் இளைத்துப்போயிருந்தான். ஒருமுறை பாசி விற்கிற கடை முன்னால் நின்று, வாங்காமல், தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சித்திரையில் புத்தாண்டு முடிந்து வருகிற மாதம்தான் எங்களுக்குக் கல்யாண மாதம். அதை விட்டால் பிக்குகளின் மழைக்கால நோன்பு வந்துவிடும், மூன்று மாதம் யார் வீட்டிலும் கல்யாணம் கிடையாது. என் வீட்டுக்காரி வாழையிலையைக் கூம்பாகச் சுற்றிப் பூ வைத்தாள், தன் வெள்ளிக் காப்பைக் கழற்றித் தட்டில் வைத்தாள். "ஆறு வருசம் லேட்டு" என்றாள். கம்சிங்கிடம் சொல்லவில்லை. மறுத்துவிட்டால் அவனுக்கு அவமானம் வேண்டாமே.

ஹாட்லம் துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களின் மணிக்கட்டுகளில் வெள்ளை நூல் இருந்தது. எந்த வீட்டிலோ விசேஷம், உயிர் உடம்பில் நிலைத்திருக்க அழைத்து நூல் கட்டியிருக்கிறார்கள், குழந்தை பிறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். மணிவோன் வாசலில் பெரிய அண்டா ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நூல். அவ்வளவு நூல் மணப்பெண்ணுக்குத்தான் கட்டுவார்கள்.

அவள் என் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். எழுந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வரச்சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். கல்யாணம் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது என்று அவள் அம்மா சொன்னாள். மாப்பிள்ளை எதிர்க்கரைக்காரன், மனைவியை இழந்தவன், நல்ல மனிதன், வலை பின்னப் போயிருக்கிறான். புத்தாண்டு முடிந்ததும் அவன் வீட்டார் தட்டோடு வந்தார்களாம். "ஒரு மாசம் பொறுங்கன்னு இவ கேட்டா தம்பி. எதுக்குன்னு நான் கேக்கல. மூணு புதன் எட்டுப் பேருக்கு ஆக்கிவெச்சிட்டு இஞ்சின் சத்தம் கேக்குதான்னு துறையில உக்காந்திருந்தா. நாலாவது புதன் அடுப்பே மூட்டல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு எனக்குச் சோறு எடுத்துவைக்க எழுந்துபோனாள்.

மணிவோன் அப்போதுதான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

"அத்தன ஊர்க்காரங்ககிட்டயும் நான் அவரு பொண்டாட்டின்னு சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும். நீங்க ஏண்ணே வரல?"

"அவன் என்கிட்ட கேக்கலம்மா."

"ஆளில்லாதவரு எப்படிக் கேப்பாரு? நீங்கதான ஆளா வந்து நிக்கணும்?"

அம்மா சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். சோற்றைக் கையில் எடுத்தேன், வாய்க்குப் போகவில்லை. கிளம்பும்போது அவளும் அம்மாவும் என் மணிக்கட்டில் ஆளுக்கொரு நூல் கட்டி, நல்லபடியாகப் போய்ச் சேர வாழ்த்தினார்கள். துறையில் அவள் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். "நான் ஆக்கிவெச்சிட்டுக் காத்திருந்தத அவருகிட்ட சொல்லாதீங்க. தாங்கமாட்டாரு." தட்டைத் திருப்பிக் கொண்டுபோகக்கூடாது என்பதால் காப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பூவையும் மெழுகுவர்த்தியையும் அந்த ஊர்க் கோயிலில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ரயில் நிலையத்துக்குப் போனேன். வண்டி வர நேரம் இருந்தது. கம்சிங் பலகையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நூல், எதிர்க்கரைக்காரன், அவள் கேட்ட கேள்வி, அவள் சொல்ல வேண்டாம் என்றதைத் தவிர எதையும் மறைக்கவில்லை. அவன் மடியில் இருந்த பலகையைக் கவிழ்த்துவைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அந்த அடுத்த புதன்... சமைச்சு வெச்சிருந்தாளாண்ணே?"

"இல்லப்பா. ரயில் விசயம் அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. என் மணிக்கட்டில் இருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை மன்னித்துவிடடா, போன வருடமே போயிருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"தட்டு எடுத்துட்டுப் போனீங்களா?"

"போனேன்."

"என் பேரச் சொல்லியா?"

வாசலில் உன் பெயரைச் சொல்லக்கூட எனக்கு நேரம் வாய்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "உன் பேரச் சொல்லித்தான்" என்றேன்.

வண்டி வருகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து பலகையை நேராகப் பிடித்தான். முகத்தை என் பக்கம் திருப்பாமலே சொன்னான்.

"எனக்குன்னு இதுக்கு முன்னால யாரும் எங்கயும் போனதில்லண்ணே."

எட்டுப் பேர் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே போய் வரவேற்றான்.