லில்லி உடைத்த விரல்கள்

ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கும் நடுவே பதினோரு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவள் லில்லி. அவள் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். புருஷன் செத்த வருஷமே லில்லி லைசென்ஸ் எடுத்தாள். ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான் பெண். முதல் மாதமே அவள் வண்டி டயரைக் கிழித்தவனை எல்லோர் முன்னாலும் செருப்பால் அடித்தாள். பிறகு யாரும் அவள் வண்டியைத் தொடவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், சித்திரை வெயிலில், எதிர்வீட்டு திரிஷா காணாமல் போனாள். ஆறு வயசு. தணிகாசலம் என்ற பெயின்டர் அவளை பைக்கில் ஏற்றிப் போனதைப் பெட்டிக்கடைக்காரர் பார்த்திருந்தார். போலீஸுக்குச் சொன்னார்கள், வருகிறோம் என்றார்கள். லில்லிக்குப் பொறுக்கவில்லை. மதுக்கடைக்குப் பின்னால் அவனைப் பிடித்தாள்.

"கொழந்த எங்கடா?"

"எனக்கு இன்னா தெரியும்? பஸ் ஸ்டாப்லயே எறக்கி வுட்டேன்பா."

வீல் ஸ்பேனரை அவன் முழங்காலில் இறக்கினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் சாலை வரைக்கும் கேட்டது. விழுந்தவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, வலது கையின் சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கி ஒடித்தாள். அவன் அலறினான், சொல்லவில்லை. அடுத்த விரலையும் ஒடித்தாள். மூன்றாவதைப் பிடித்தபோது வாயில் ரத்தத்தோடு சொன்னான்: "ஏனாத்தூர் ரோடு... மூடிக் கெடக்குற தறி ஷெட்டு."

தகரக் கூரைக்குக் கீழே, குழந்தையை வாயில் துணி அடைத்து, கை கால் கட்டிப் போட்டிருந்தான். கம்மலுக்காக இரண்டு காதையும் அறுத்திருந்தான். இன்னும் அரை மணி நேரம் அந்தச் சூட்டில் கிடந்திருந்தால் பிழைத்திருக்காது என்றார் டாக்டர். தணிகாசலத்தின் காயங்கள் பைக்கிலிருந்து விழுந்ததால் என்று போலீஸ் எழுதி, அவனை ஜெயிலுக்கு அனுப்பியது. தெருவே லில்லிக்கு மாலை போட்டது.

அதன்பின் பெண்கள் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். பெண்டாட்டியை உதைக்கிறவன், பஸ்ஸில் இடுப்பைக் கிள்ளியவன் என்று ஒவ்வொருவனாகக் காட்டினார்கள். எல்லோரையும் அடித்தாள். எல்லோரும் அடங்கினார்கள். கேள்வி கேட்கும் முன்பே கை ஸ்பேனரைத் தேடுவதை அவளே கவனித்தாள். அது தப்பாகத் தெரியவில்லை.

போன ஐப்பசியில் ஷாரோன் என்ற கல்லூரிப் பெண்ணின் குளியலறைப் படங்கள் ஊர் போன்களில் சுற்றின. அவள் தூக்குப் போட்டுக்கொள்ளப் போனதைத் தடுத்துக் காப்பாற்றினார்கள். அவள் போனைச் சரிசெய்து கொடுத்தது மனோஜ் என்ற இருபத்துநாலு வயசு மெக்கானிக். லில்லி சாயங்காலம் நாலு மணிக்கு அவன் கடைக்குள் போய் ஷட்டரை இறக்கினாள்.

"நான் இல்லக்கா. டிஸ்ப்ளே மட்டுந்தான் மாத்துனேன். சத்தியமா."

ஸ்பேனரின் முதல் அடியில் இடது கண் கிழிந்தது. மேஜைமேல் அவன் கையை அழுத்தி, ஒரு விரலை ஒடித்தாள். இல்லை என்றான். இன்னொன்றை ஒடித்தாள். இல்லை என்று கதறினான். மூன்றாவதைப் பிடித்ததும், "ஆமாக்கா, நான்தான், வுட்டுடுக்கா" என்றான்.

இரண்டாம் நாள் சைபர் போலீஸ் பிடித்தது ஷாரோனின் சொந்தப் பெரியப்பா மகனை. படம் எடுத்ததும் அனுப்பியதும் அவன்தான். மனோஜின் இடது கண்ணில் பார்வை போய்விட்டது.

ஒரு வாரம் வண்டி எடுக்காமல் கிடந்த லில்லி, மனோஜின் ஊருக்குப் போனாள். அவன் கட்டிலில் இருந்தான்.

"பண்ணாததை ஏம்பா பண்ணேன்னு சொன்ன?" என்றாள்.

"நீதான் அடுத்த வெரலைப் புடிச்சிட்டியேக்கா."

அவன் அப்பா ஜீவந்தரன், சமணக் குடும்பத்து விவசாயி, வாசலிலேயே நின்றார். "எங்ககிட்ட அழுதுக்கினு நிக்காதம்மா. ஸ்டேஷனுக்குப் போ" என்றார்.

லில்லி ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் திரிஷாவின் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "தணிகாசலம் சங்கதியைச் சொல்லிடாதக்கா. அடிச்சுத்தான் சொல்ல வெச்சாங்கன்னு அவன் வக்கீல் பேசுவான். அவன் வெளிய வந்துடுவான்."

"அவனை அடிச்சப்போவும் எனக்கு நிச்சயமாத் தெரியாதுமா. இவனை அடிச்சப்போவும் தெரியாது."

"அதுவும் இதுவும் ஒண்ணாக்கா? என் பொண்ணு உசுரோட இருக்குது."

"இருக்குது. அதுக்கு வருத்தப்பட என்னால முடியல. ஆனா என் கைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

ஸ்டேஷனில் மனோஜைப் பற்றி மட்டும் சொன்னாள். அந்தக் குழந்தையைக் காப்பாற்றியதைச் சொன்னால் தண்டனை குறையும் என்றார் அவள் வக்கீல். லில்லி வாய் திறக்கவில்லை. தணிகாசலம் உள்ளேயே இருக்க வேண்டும் என்று நினைத்தாள். மனோஜின் கண்ணுக்கு ஒரு குழந்தையின் உயிரை ஈடு சொல்லவும் கூசியது.

குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வழக்கு எட்டு மாதத்தில் முடிந்தது. மூன்று வருஷம் கொடுத்தார்கள். சிறையில் முதல் வாரமே ஒருத்தி இன்னொருத்தியைச் சுவரில் மோதி அடிக்க, அவளும் திருப்பி அடித்துக்கொண்டிருந்தாள். விலக்கிவிடப் போன லில்லி, தன் கை ஓங்கியிருப்பதைப் பார்த்தாள். அதைக் கீழே இறக்க நேரம் பிடித்தது. பிறகு நடுவில் போய் நின்று, இரண்டு பேரின் அடியையும் வாங்கிக்கொண்டாள்.