தோற்ற கட்சிக்குக் கரண்ட் கொடுப்பவர்

“ஏனுங்க, தோத்த கட்சி ஆபீஸ் தொறந்திருக்குதுங்களா?”

கேட்டின் கொக்கியைத் தூக்கும்போதே சுந்தரராஜுலு கேட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா சர்ச்சில் பூசை முடிந்து வீடு திரும்பிய சற்று நேரத்தில். அக்குளில் ஒரு நீல நிற டிஸ்க் பெட்டி இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக டிவி மேசைக்குப் போவார். அங்கே இருக்கும் பிளேயரின் தலைமேல் அந்த நீலப் பெட்டியை வைப்பார். வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அந்த டிஸ்க் அந்தப் பிளேயரில் ஓடாது. ஓடாது என்பதற்காகவே கொண்டுவருகிறார்.

“தொறந்துதானுங்க இருக்குது. ஜெயிச்சவங்களுக்குக் காப்பி மட்டும் கெடையாது,” என்பார் அப்பா, அவருக்கான காப்பியை ஆற்றிக்கொண்டே.

என் அப்பா பெனடிக்ட்டை அடக்கம் செய்த வாரத்தின் ஞாயிறன்றும் கொக்கி சத்தம் கேட்டது. “ஏனுங்க, தோத்த கட்சி…” என்பது வரை வந்து குரல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். கொக்கியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“வாங்க மாமா,” என்றேன்.

வந்தார். நீலப் பெட்டியைப் பிளேயரின் மேல் வைத்தார். உட்கார்ந்தார். நான் காப்பி போடப் போனேன்.

ராஜுலு மாமா உறவல்ல, அப்பாவின் நண்பர்; எழுபது நெருங்குகிறது. துடியலூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். தோட்டங்களிலிருந்து வரும் கருகிய மோட்டார்களில் பழைய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவது தொழில். வார்னிஷ் வாசனை அவருடைய எல்லாச் சட்டையிலும் இருக்கும், கல்யாணத்துக்குப் போடும் பட்டுச் சட்டையிலும். அந்தச் சட்டையின் பையிலும் டெஸ்டர் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தலையைச் சாய்த்து ஃபேன் சத்தத்தைக் கேட்பார். “பேரிங் போயிருச்சுங்க,” என்பார், யாரும் கேட்காமலே. அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு நான் பார்த்ததில்லை. கழுத்தை அறுக்கிறதாம்.

வசவிலும் மரியாதை குறையாது. “உங்க பொட்டி குப்பைங்க. உங்களுக்குப் புத்தி சொல்லி என்ற வாய்தான் வலிக்குதுங்க,” என்பார். அப்பாவும் விடமாட்டார். “வலிச்சா மூடிட்டு உக்காருங்க ராஜுலு.”

சண்டை 2007-இல் தொடங்கியது. டிவிடியைவிடப் பல மடங்கு தெளிவாகப் படம் காட்டும் புது டிஸ்க் இரண்டு வகையில் வந்திருந்தது. ஒன்று எச்டி டிவிடி, மற்றொன்று ப்ளூ-ரே. ஒன்றின் டிஸ்க் மற்றதில் ஓடாது. இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எது என்று தெரியாது. என் அத்தை மகன் அப்பாவுக்கு அமெரிக்காவிலிருந்து எச்டி டிவிடி பிளேயர் கொண்டுவந்தான். மாமா போட்டிக்குச் சிங்கப்பூரிலிருந்து ப்ளூ-ரே வரவழைத்தார். அவர் கொண்டுவரும் நீலப் பெட்டி அதனுடைய டிஸ்க்.

நான் மின்னணுவியல் படித்தவள். இரண்டிலும் ஒரே நீல ஊதா லேசர், ஒரே அலைநீளம். ஒன்றில் பதிவு டிஸ்கின் நடு ஆழத்தில் இருக்கிறது, மற்றதில் மேல்பரப்பை ஒட்டி இருக்கிறது. அடிப்படை வித்தியாசம் அவ்வளவுதான். இதை அவர்களிடம் சொன்னேன். இருவரும் ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

அமெரிக்கப் பிளேயர் 110 வோல்ட்டில் ஓடுவது. நம் வீட்டு மின்சாரத்தில் செருகினால் கருகிவிடும். அழுத்தத்தைக் குறைத்துத் தர ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதைக் கையால் சுற்றிக் கொடுத்தவர் ராஜுலு மாமா. எதிராளியின் பெட்டிக்கு. தகரக் கூடு, பச்சைப் பெயின்ட். காதை வைத்தால் மெல்லிய உறுமல் கேட்கும். இன்றுவரை அது சூடானதில்லை.

“தோத்த கட்சிக்குக் கரண்ட் குடுக்கறதே நாந்தானுங்க,” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

2008 தொடக்கத்தில் எச்டி டிவிடி தோற்றது. தயாரித்தவர்களே இனிச் செய்யமாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். மறுநாள் மாமா பூ மார்க்கெட்டில் பெரிய சாமந்தி மாலை வாங்கி வந்து, அப்பாவின் பிளேயருக்குப் போட்டு, கைகட்டி நின்றார். அப்பா மாலையை எடுத்து இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் போட்டார்.

“பூவை வீணாக்கக் கூடாதுங்க,” என்றார்.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “இந்தப் பொட்டி என்ற ஊட்டு வாசப்படி ஒருநாளும் தாண்டாதுங்க. பாத்துக்கங்க!” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பேச்சு நின்றது.

அந்த ஆண்டே மாமாவின் மகள் வசுந்தராவுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம். பேச்சில்லை என்றாலும் பத்திரிகை வந்தது. பேச்சில்லை என்றாலும் அப்பா புது கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். முகூர்த்தம் முழுவதையும் எடுத்தார். டிஸ்கில் பதிந்து, பரிசுத்தாள் சுற்றி அனுப்பிவைத்தார்.

மாமாவின் ப்ளூ-ரேயில் அது ஓடவில்லை. சாதாரண டிவிடி பிளேயரிலும் ஓடவில்லை. டிஸ்க் கடையில் கிடைக்கும் சாதாரண டிவிடிதான். அப்பா அதில் எச்டி டிவிடி முறையில் எழுதியிருந்தார். எங்களுக்குத் தெரிந்தவரை அதைக் காட்டக்கூடிய பிளேயர் ஊரில் ஒன்றுதான் இருந்தது.

“எங்க ஊட்டுக்கு வந்து பாக்கச் சொல்லு,” என்று அப்பா என்னிடம் சொல்லி அனுப்பினார்.

மாமா வந்தார். அப்பாவைப் பார்க்காமல் டிவியைப் பார்த்து உட்கார்ந்தார். படம் ஓடியது. நானும் அங்கே இருந்தேன். அட்சதை விழுந்தபோது ஒவ்வோர் அரிசியும் தனித்தனியாக விழுந்தது. மஞ்சள் ஒட்டிய அரிசி, ஒட்டாத அரிசி என்று பிரித்துச் சொல்லலாம். வசுந்தராவின் மேலுதட்டில் வேர்வைத் துளிகள், ஒவ்வொரு துளியிலும் ஒரு விளக்கு. மாமா எழுந்து போனார். மகள் தோளில் இருந்த மல்லிகைச் சரத்தின் மேல் ஒரு விரலை வைத்தார். பிறகு அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

“நல்லாத்தானுங்க இருக்குது,” என்றார். “இப்பத் திட்ட வாய் வரலைங்க. காப்பி குடுங்க, குடிச்சுப்போட்டுத் திட்டறேன்.”

அதன்பிறகு எல்லா ஞாயிறும் வந்தார். கிரிக்கெட் இருந்தாலும், மழை பெய்தாலும். வசுந்தராவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதான பிறகும் கல்யாணம் ஓடியது.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். துடியலூர் வீடு வாடகை வீடு. அம்மா முன்பே போய்விட்டார். மாதக் கடைசியில் காலி செய்து சாவியைத் திருப்பித் தர வேண்டும். ஒரு மத்தியானம் அந்தக் கல்யாண டிஸ்க்கை என் லேப்டாப்பில் போட்டு, கோப்பை எந்தப் போனிலும் ஓடும்படி மாற்றி, பென்டிரைவில் ஏற்றினேன். சத்தத்தை அணைத்துவிட்டுச் செய்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்ற அப்பா படத்தில் எங்கும் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பென்டிரைவை மாமாவிடம் நீட்டினேன். “இனி எந்த டிவியிலயும் பாக்கலாம் மாமா.”

அவர் அதை வாங்கவில்லை. “இது முடியும்னு எனக்குத் தெரியாதா அம்மணி? கலியாணமான வருசமே மாப்பிள்ளை மாத்தித் தாரேன்னாரு. வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்.”

“ஏன்?”

“அப்புறம் ஞாயித்துக்கெழமை எங்க போறது?”

சற்று நேரம் ஃபேனைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்க மலைப்பாக இருந்தது. வெறும் பத்து நிமிட வேலை. அதை இத்தனை வருடம் நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அப்பாவுக்கு இது தெரியுமா மாமா?”

“தெரியாம? உங்கப்பா எலெக்ட்ரீசியன், அந்த டிஸ்க்கை எழுதுனதே அவருதான. கேக்கவும் மாட்டாரு, நானும் சொல்ல மாட்டேன்.”

“அப்ப பிளேயரையே எடுத்துட்டுப் போங்க.”

“அது எப்படி கண்ணு? என்ற ஊட்டு வாசப்படி தாண்டாதுன்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டனே.”

“அவர்தான் இல்லையே மாமா.”

“ஆளு இல்லீன்னா சொன்னது இல்லீன்னு ஆயிருமா? இருந்தா, போனாப் போவுது எடுத்துட்டுப் போங்கன்னு அவரு உட்டுக் குடுத்திருப்பாரு. இப்ப யாரு உட்டுக் குடுக்கறது?”

பிளேயரை நானே பெங்களூருக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். தலையாட்டினார். அந்த ஞாயிறு படம் போடவில்லை. போகும்போது நீலப் பெட்டியை மறந்துவிட்டுப் போனார். அவர் அதை மறந்தது அதுவே முதல் தடவை.

புதன்கிழமை காலை கொக்கி சத்தம். வாசலில் கடையின் ‘சின்ன யானை’ சரக்கு வண்டி நின்றது. டிரைவர் இல்லை, அவரே ஓட்டி வந்திருந்தார்.

“அம்மணி, ஊடுன்னுதான நான் சொன்னேன்? கடைன்னு சொல்லலியே?”

“சொல்லலைங்க மாமா.”

“நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு.”

“வீடுன்னுதான் சொன்னீங்க. என் காதாலயே கேட்டேன்.”

“உங்கப்பா மேலிருந்து ஞாயம் பேசுனா நீதான் சாட்சி,” என்றார். பிளேயரை அவர் தூக்கினார். டிரான்ஸ்பார்மரை நான் தூக்கினேன். பிளேயரைப் பின்னால் ஏற்றவில்லை. முன்சீட்டில், தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சாவியைக் கொடுத்த அன்று ஞாயிறு. பேருந்துக்கு நேரம் இருந்தது. கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்க நினைத்தேன்.

உள்ளிருந்து குரல் வந்தது. “தோத்த கட்சி ஆபீஸ் தொறந்துதானுங்க இருக்குது. குனிஞ்சு வாங்க.”

உருவிய மோட்டார்களுக்கு நடுவே, வேலை மேசையைத் துடைத்து அதன்மேல் பிளேயரை வைத்திருந்தார். பக்கத்தில் பச்சை டிரான்ஸ்பார்மர். வீட்டிலிருந்து ஒரு டிவி வந்திருந்தது. பிளேயரின் தலையில் நீலப் பெட்டி இருந்தது. ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்குக் காப்பி ஊற்றினார். கல்யாண டிஸ்க்கை எடுத்து, வேட்டி நுனியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துத் தட்டில் வைத்தார். தட்டு மெதுவாக உள்ளே போனது. டிரான்ஸ்பார்மர் உறுமியது. இந்த முறை சத்தத்தை நான் அணைக்கவில்லை.

அட்சதை விழுந்தது. ஒவ்வோர் அரிசியாக.

தாலி கட்டி முடிந்ததும் கேமரா திரும்பி, பெண்ணின் தகப்பனைத் தேடிப் பிடித்தது. அப்பாவின் குரல் வந்தது, மிக அருகில்: “ராஜுலு, பேசவேண்டாமுங்க. ஒருக்கா இப்படிப் பாத்துச் சிரிங்க, போதும்.”

படத்தில், பட்டுச் சட்டைக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடையில், மர ஸ்டூலில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைத் தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்து, பல் தெரியச் சிரித்து, படம் எடுத்து முடிக்கும்வரை அசையாமல் இருப்பவரைப்போல அப்படியே இருந்தார்.