வால் அக்காவின் ஜன்னல்கள்

பெயரின் முன்பாதியைக் கட்டை விரலால் மூடிக்கொண்டுதான் சீசாவின் லேபிளை வாசிப்பார், எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வக உதவியாளர். "தலை எல்லாத்துக்கும் ஒண்ணுதான் தம்பி. வாலப் பாத்து எடுக்கணும்." மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் வால் அக்கா. அதற்கும் கோபம் கிடையாது. "வாலுங்க வச்ச பேருதானே!"

சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு மூன்றும் அவருக்குக் கந்தகத்தின் பிள்ளைகள். "மூத்ததுக்கு ஆக்சிஜனே இல்ல. நடுவுள்ளதுக்குக் கொஞ்சம். கடைக்குட்டிக்கு இன்னும் கூட, அதனால அமிலம் ஊத்தினாலும் கம்முனு கிடக்கும். மத்த ரெண்டும் ஊரக் கூட்டிரும்." மூத்தது அழுகிய முட்டையாய் நாறும். நடுப்பிள்ளை, தீக்குச்சி கிழித்தாற்போல் மூக்கை எரிக்கும்.

ஆங்கிலத்தையும் வாலிலிருந்துதான் படிப்பார். அறிவிப்புப் பலகையில் 'லெஸ்' என்று முடிந்தால், "ஏதோ இல்லேங்கறாங்க." 'ஷன்' என்று முடிந்தால், "யாருக்கோ வேலை வைக்கிறாங்க. அநேகமா எனக்குத்தான்." எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். நீளமான சொற்களையெல்லாம் உருப்போட்டே பட்டம் வாங்கினேன். புரிந்துதான் படித்தேனா என்ற சந்தேகம், இங்கே ஆசிரியராகப் பாடம் நடத்தும்போது இன்றும் எட்டிப் பார்க்கிறது.

செய்முறைத் தேர்வில், எண் மட்டும் போட்ட பெயரில்லாத உப்புப் பொட்டலங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்போம். அது என்ன உப்பு என்று மாணவர் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த எண்ணில் எந்த உப்பு என்பது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மூக்கை எரிக்கும் உப்பு யாருக்கு விழுகிறதோ, அவர் பக்கத்து ஜன்னலை அக்கா பேசாமல் திறந்துவிடுவார். மாணவர் எவரும் இதைக் கவனித்ததில்லை, அவருடைய மகளைத் தவிர.

அவளும் இங்கேதான் படிக்கிறாள். போன முறை இதே தேர்வில் தவறியவள். இம்முறையும் தவறினால் மேற்படிப்பு இல்லை. போதாக்குறைக்கு மூச்சிழுப்பு வேறு. தேர்வன்று காலை, கதவருகே அம்மாவிடம் குறும்பாகச் சொன்னாள்: "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நான் ஜன்னலப் பாத்துக்கறேன்."

"போடி உள்ள."

சீட்டில் அவளுக்கு விழுந்தது நடுப்பிள்ளை.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மகள் சோதனைக்குழாயைக் கையில் எடுத்துவிட்டாள். அவள் கண் குழாயில் இல்லை. பக்கத்தில் சாத்தியிருந்த ஜன்னலில் இருந்தது. திறந்தால் விடை. திறக்காவிட்டால் அந்த நெஞ்சு என்ன பாடுபடும்? நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அக்கா விறுவிறுவென்று அறையின் மறு கோடிக்குப் போனார். முதல் ஜன்னலின் கொக்கியை நீக்கினார். அடுத்தது. அதற்கடுத்தது. காகிதங்கள் பறந்தன.

"என்னம்மா, காத்து வாங்கற நேரமா இது?" என்றார் வெளியூர்த் தேர்வாளர்.

"எல்லாருக்குந்தான் சார் மூச்சு வேணும்."

மகள் பக்கத்து ஜன்னல்தான் கடைசி. அதையும் திறந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் விழுந்து கிடந்த அவளது விடைத்தாளை எடுத்து, எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்தார். அதன் மேல் ஒரு காலிச் சீசாவை வைத்துவிட்டு நகர்ந்தார்.