காதில் சொல்ல வேண்டியது

என் அக்கா ஜோவிதாவின் கணவர் பெர்னார் மாமா, லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் தத்துவம் நடத்தியவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். லியோனில் டாக்டர் பட்டம் வாங்கினார். மனம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, மூளை செய்கிற வேலைக்கு நாம் வைத்த பெயர்தான் அது என்று மூன்று புத்தகம் எழுதினார். மாணவர்கள் அவரை 'மூளை சார்' என்பார்கள். அது அவர் காதுக்கும் போனது. சந்தோஷப்பட்டாரா என்று தெரியாது. அந்த முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒருமுறை சாப்பாட்டு மேசையில் அக்கா பல் வலிக்கிறது என்றாள். வலி எங்கே இருக்கிறது என்று மாமா விளக்க ஆரம்பித்தார். அவள் பாதிச் சோற்றில் எழுந்து பல் டாக்டரிடம் போய்விட்டாள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவரும் கூடவே உட்கார்ந்திருப்பார்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நெல்லித்தோப்பு வீட்டில் ஹாலிலேயே கட்டில் போட்டோம். மாமா ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வேளாவேளைக்குப் புரட்டிப் படுக்க வைத்தார், உதட்டை நனைத்தார், போர்வையைச் சரிசெய்தார். எல்லாம் மேசை துடைப்பது மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு மதியம் அக்காவின் மூச்சு மாறியது. சர்ச் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உயிர் பிரியும்போது காதோடு வாய் வைத்து 'சேசு, மரி, சூசை' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். போகிறவர் தனியாகப் போகக் கூடாது.

"நீங்க சொல்லுங்க மாமா," என்றேன்.

"அவளுக்குக் கேக்காது மார்ட்டின். கேக்கற இடமே போயிடுச்சி. அங்க யாரும் இல்ல."

"உங்க புத்தகம் பொய்யாப் போயிடும்னு பயமா? அக்கா போயிட்டிருக்கா. எதையாவது சொல்லித் தொலைங்க!"

அவர் கோபப்படக்கூட இல்லை. "எனக்கு உள்ள ஒண்ணுமே தெரியல. மரத்துப் போயிருக்கு," என்றார். வகுப்பில் பேசுகிற அதே குரல்.

நானே குனிந்து சொல்ல ஆரம்பித்தேன். நடுவிலேயே அக்காவின் மூச்சு நின்றது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். அவள் கண்களை மூடிவிட்டு, "போயிட்டா மாமா," என்றேன்.

தலையாட்டினார். நான் எழுந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். அவள் காதருகே குனிந்தார். செபம் எதுவும் சொல்லவில்லை.

"ஜோவிதா, கேக்குதா?" என்றார்.

பிறகு தன் காதை அவள் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். வாசலில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அவரை எழுந்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.